1993 ஹைலக்ஸ் டபிள் கெப்: முதல் காசை எதில் போடுவது?

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு தரம் வாசித்தேன். 1993ஆம் ஆண்டு ரொயோட்டா ஹைலக்ஸ் டபிள் கெப், எல்என்106, 3எல் டீசல் என்ஜின். மாங்குளத்தில் வாங்கி ஏழு மாதம். ஒட்டுசுட்டான் பக்கம் வயலுக்கும் வீட்டுக்கும் ஓட்டம். அறுபதுக்கு மேல் போகும்போது ஒரு பள்ளத்தில் விழுந்தால் ஸ்ரியரிங் கையை உதறுகிறது. முன் வலது சில்லின் உட்பக்கத்தில் கறுப்பாக ஒயில் வடிகிறது. நெல் மூட்டை ஏற்றினால் சூட்டு முள் நடுவைத் தாண்டுகிறது. இவ்வளவையும் சொல்லிவிட்டு, 4 அங்குலம் உயர்த்தி 33 அங்குல ரயர் போட்டு டர்போவும் பூட்ட ஆசை, கையில் ஏழு லட்சம் இருக்கிறது, எந்தக் கிற் நல்லது என்று கேட்கிறீர்கள். கிற்றின் பெயரை ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் நீங்கள் எழுதிய ஒழுங்கைப் பார்த்தால், இந்த ஏழு லட்சத்தில் முதல் ரூபாயை எங்கே வைப்பது என்பதுதான் உங்களைக் குடைகிறது என்று படுகிறது. அதற்கே பதில் எழுதுகிறேன்.

நான் 27 வருடமாக கராஜ் வேலை. முதல் ஆறு வருடம் கொழும்பில் ஒரு பாஸிடம் பழகினேன், பிறகு வவுனியாவில் சொந்தமாக. இந்த மொடல் எத்தனை என் கிடங்குக்கு மேல் நின்றது என்று கணக்கு வைக்கவில்லை. ஆனால் உங்கள் வாகனத்தை நான் பார்க்கவில்லை. அதனால் அடித்துச் சொல்லக்கூடியதை அடித்துச் சொல்கிறேன், ஊகத்தை ஊகம் என்றே சொல்கிறேன். விலை மட்டும் சொல்ல மாட்டேன். டொலர் போகிற போக்கில் இன்றைக்கு எழுதும் விலை அடுத்த கிழமை பொய்யாகிவிடும்.

முதலில் உங்களிடம் இருப்பது என்ன என்று விளங்கிக்கொள்ளுங்கள். இது 1988 முதல் 1997 வரை வந்த ஐந்தாவது தலைமுறை ஹைலக்ஸ். எல்என்106 என்றால் முன்னுக்கும் பின்னுக்கும் முழு அச்சு, நாலு மூலையிலும் பிளேட் ஸ்பிரிங். நாலு சில்லுக்கும் வலு கொடுக்கும் போர்வீலைப் போட்டால் முன் அச்சும் பின் அச்சும் ஒன்றோடொன்று இறுகப் பூட்டுப்படும், நடுவில் வித்தியாசத்தை விட்டுக்கொடுக்க ஒன்றும் கிடையாது. என்ஜின் 2779 சிசி, டர்போ இல்லை, சுமார் 90 குதிரைவலு. வேகம் போகாது, ஆனால் சேற்றிலும் கிறவலிலும் சொன்னதைக் கேட்கும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி 2025 தொடக்கத்தில் தளர்த்தும் வரைக்கும் இருந்த காலத்தில் இந்தப் பழைய கெப்புகளுக்கு மவுசு ஏறிப் போனது. விற்கிறவர்கள் பெயின்ற் அடிக்கிற அளவுக்கு உள்ளே திருத்தவில்லை. உங்களுடையதும் அப்படி ஒன்றாக இருக்கலாம். பெயின்ற் பளபளப்பதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

இப்போது நடுக்கமும் ஒயிலும். இவை இரண்டு பழுது என்று நீங்கள் தனித்தனியாக எழுதியிருக்கிறீர்கள். என் அனுபவத்தில் பத்துக்கு எட்டுத் தரம் இது ஒரே பழுது. முன் அச்சின் நுனியில் கிரிக்கெட் பந்தைவிடப் பெரிதாக, பளபளப்பாக ஒரு இரும்புக் குண்டு தெரியும். அதைச் சுற்றித்தான் சில்லு இடமும் வலமும் திரும்புகிறது. அந்தக் குண்டுக்குள் பேர்பீல்ட் எனப்படும் மூட்டு இருக்கிறது, அச்சுத்தண்டின் சுழற்சியைத் திரும்பிய சில்லுக்கும் கொண்டுபோவது அதுதான். குண்டின் மேலும் கீழும் இரண்டு சிறிய ரோலர் பெயாரிங், அதை நாங்கள் கிங்பின் பெயாரிங் என்போம். குண்டுக்குள் கிறீஸ், அதற்கு அப்பால், அச்சின் நடுவில் பல்லுச்சக்கரங்கள் இருக்கும் டிபரென்ஷல் பக்கம் ஒயில். இரண்டையும் பிரித்து வைப்பது அச்சுத்தண்டைக் கவ்விப் பிடிக்கும் ஒரு ரப்பர் சீல். கிங்பின் பெயாரிங் தேய்ந்தால் நக்கிள், அதாவது குண்டைச் சுற்றிச் சில்லோடு திரும்பும் கூடு, ஆடும். நக்கிள் ஆடினால் தண்டு நடுவில் நிற்காது. தண்டு விலகினால் சீலின் உதடு ஒரு பக்கம் தேயும். ஒயில் கிறீஸுக்குள் வரும், கிறீஸ் கூழாகும், கூழ் வெளிச் சீலால் வடியும். நீங்கள் பார்க்கும் கறுப்பு அதுதான் என்று நினைக்கிறேன்.

நினைப்பது போதாது, பார்த்து உறுதிப்படுத்த வேண்டும். வீட்டிலேயே செய்யலாம். முன் அச்சை ஜக் அடித்து உயர்த்தி, ஸ்ராண்ட் வையுங்கள். வெறும் ஜக்கை நம்பி அடியில் தலையைக் கொடுக்காதீர்கள். சில்லின் மேல் நுனியையும் கீழ் நுனியையும் பிடித்து உள்ளும் வெளியும் ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் வீட்டில் ஒருவரைப் பிரேக்கை இறுக மிதிக்கச் சொல்லி, மறுபடி ஆட்டுங்கள். பிரேக் மிதித்ததும் ஆட்டம் நின்றுவிட்டால் அது ஹப்பின், அதாவது சில்லு பூட்டியிருக்கும் நடுத்துண்டின், பெயாரிங், ஏனென்றால் பிரேக் ஹப்பையும் நக்கிளையும் ஒன்றாகக் கவ்விவிடுகிறது. மிதித்த பிறகும் ஆடினால் கிங்பின் பெயாரிங். இதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை. இரண்டாவது, நக்கிளின் மேற்புறம் சிறிய சதுரத் தலையுள்ள ஒரு அடைப்பு இருக்கும். அதைக் கழற்றி ஒரு கம்பியை விட்டு எடுங்கள். கம்பியில் வருவது கட்டியான கறுப்புக் கிறீஸ் என்றால் உள்சீல் நல்லாக இருக்கிறது. கஞ்சி மாதிரி ஒழுகினால், அதோடு கியர் ஒயிலின் அந்தக் கந்தக வாடை அடித்தால், சீல் போய்விட்டது. வடிவது பிரேக் ஒயில் இல்லை என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். பிரேக் ஒயில் தண்ணிபோல மெலிதாக இருக்கும், பட்ட இடத்தில் பெயின்றை உரிக்கும், மேலே கிண்ணத்தில் மட்டம் இறங்கியிருக்கும். அப்படி என்றால் இந்தப் பதிலின் மிச்சத்தை வாசிக்க முதல் வாகனத்தை நிறுத்துங்கள்.

இதைக் கழற்ற முதல் ஐந்து நிமிட வேலை ஒன்று இருக்கிறது. முன் அச்சின் மேல் டிபரென்ஷல் மூச்சுவிடும் சிறிய மூடி ஒன்று இருக்கும். முப்பது வருடச் சேறு அதை அடைத்திருந்தால், ஓடச் சூடாகும் காற்று வெளியே போக வழியில்லாமல் ஒயிலைச் சீல்களுக்குள்ளால் தள்ளும். அதை அடைப்பில் விட்டுவிட்டுப் புதுச் சீல் போட்டால், ஆறு மாதத்தில் அதே சில்லில் அதே ஒயில். நானே இதைத் தவறவிட்டு, ஒரே வாகனத்துக்கு இரண்டு தரம் காசு வாங்காமல் வேலை செய்திருக்கிறேன்.

நக்கிள் வேலை என்று வந்தால் இரண்டு பக்கத்தையும் ஒன்றாகச் செய்யுங்கள். ஒயில் வடிவது வலப்பக்கம் மட்டும் என்றாலும் இடப்பக்கமும் அதே வயதுதான். உங்கள் கராஜ்காரரிடம் நீங்கள் நின்று பார்க்க வேண்டிய இடங்கள் சில உண்டு. முதலாவது ஹப்பைப் பூட்டும் பெரிய நட்டு. அதற்கு 54 மில்லிமீற்றர் சொக்கட் வேண்டும். உளியும் சுத்தியலும் எடுத்து நட்டின் விளிம்பில் தட்டத் தொடங்குகிறார் என்றால், அந்தக் கை பெயாரிங்கை எவ்வளவு இறுக்கம் என்று தெரியாமல்தான் இறுக்கப்போகிறது. ஏற்கெனவே உங்கள் நட்டில் உளித் தழும்பு இருந்தால், உங்களுக்கு முந்தினவர்களும் அப்படித்தான் இறுக்கியிருக்கிறார்கள் என்று விளங்கும். இரண்டாவது கிங்பின் பெயாரிங்கின் வெளி வளையம். கழற்றித் துடைத்து வெயிலில் பிடித்துப் பாருங்கள். வாகனம் பெரும்பாலும் நேரேதான் ஓடுகிறது, ஆகவே ரோலர்கள் வருடக் கணக்கில் ஒரே இடத்தில் இடித்து, வளையத்தில் நகக்கீறல் போல வரிசையாகக் குழி விழுந்திருக்கும். விரல் நகத்தை ஓட்டினால் தட்டுப்படும். ஸ்ரியரிங் நேரே வரும் இடத்தில் ஏதோ கவ்வுவதுபோல உணர்ந்திருந்தால் காரணம் அதுதான். அந்த வளையத்தை வைத்துக்கொண்டு புதுக் கிறீஸ் மட்டும் அடித்துப் பூட்டினால் வேலை வீண்.

மூன்றாவதுதான் பலர் விடுவது. பெயாரிங்குகளைப் போட்டு நக்கிளைப் பூட்டிய பிறகு, சீலையும் ஸ்ரியரிங் கம்பியையும் மாட்டாமல், நக்கிளில் பூட்டியிருக்கும் 'ஸ்ரியரிங் கை' என்ற இரும்பின் நுனியில் மீன் நிறுக்கும் கொக்கித் தராசைக் கொழுவி இழுக்க வேண்டும். நக்கிள் திரும்பத் தொடங்க 3 முதல் 6 கிலோ வரை இழுவை காட்ட வேண்டும். காட்டாவிட்டால் அடியில் வைக்கும் மெல்லிய தகட்டை மாற்றி மறுபடி இழுக்க வேண்டும். என்னிடம் கராஜில் இருக்கும் தராசு முல்லைத்தீவு மீன் வாடியில் வாங்கியது, இன்னும் செதில் ஒட்டியிருக்கிறது. நாலைந்து தரம் கழற்றிப் பூட்டினால்தான் சரியாக வரும், அரை நாள் போகும். அந்த அரை நாளுக்கு மினக்கெட மாட்டாத இடத்தில் வேலையைக் கொடுக்காதீர்கள். அச்சுத்தண்டில் சீல் உட்காரும் இடத்தை விரலால் தடவிப் பார்க்கவும் சொல்லுங்கள். அங்கே பள்ளம் விழுந்திருந்தால் எந்தப் புதுச் சீலும் நிற்காது. கூம்பு வடிவத்தில் பிளந்த வாஷர்கள் இருக்கும், ஒன்றுகூடத் தொலையக் கூடாது. ஸ்ரியரிங் கை நக்கிளில் இறுகி நிற்பது அவற்றால்தான். 500 கிலோமீற்றர் ஓடிவிட்டு வந்து அந்தக் கையைப் பூட்டும் நட்டுகளை மறுபடி இறுக்குங்கள். அவை தளர்ந்து ஸ்ரட் முறிந்தால் ஸ்ரியரிங் வெறும் அலங்காரம்.

பெயாரிங்கும் சீலும் வாங்கக் கொழும்புக்குப் போகிறவர் இருந்தால் வாகனச் சாமான் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தையில் வாங்குவியுங்கள், பழையதை உறையில் போட்டுக் கொடுத்துவிடுங்கள். பெட்டியைப் பார்த்து ஏமாற வேண்டாம். பெயாரிங்கின் உடம்பில் பொறித்திருக்கும் எழுத்தைத்தான் பார்க்க வேண்டும். யப்பான் சாமானைப் பழைய வாகனத்தில் இருந்து கழற்றியும் விற்பார்கள். கியர்பொக்ஸுக்கு அது பரவாயில்லை, பெயாரிங்குக்கும் சீலுக்கும் வேண்டவே வேண்டாம். முழு டிபரென்ஷலைப் பழையது வாங்குவதாக இருந்தால் பல் விகிதம் பின் அச்சோடு ஒத்திருக்கிறதா என்று பல்லை எண்ணிப் பார்க்காமல் வாங்காதீர்கள். ஒத்திராவிட்டால் போர்வீல் போட்ட முதல் நாளே ஏதோ ஒன்று உடையும்.

நடுக்கத்துக்கு இதைத் தவிர வேறு காரணமே இல்லை என்று நான் சொல்லவில்லை. நல்ல தார் றோட்டில், பள்ளத்தில் விழாமலே, ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் நடுங்கி அதைத் தாண்டினால் நின்றுவிட்டால் அது ரயரின் பாலன்ஸ், அல்லது வளைந்த ரிம். நீங்கள் பள்ளத்தில் விழுந்தால் தொடங்குகிறது என்று எழுதியதால்தான் நக்கிள் பக்கம் சாய்கிறேன். ஸ்ரியரிங் கம்பிகளின் பந்து மூட்டுகளையும் பார்க்க வேண்டும். வேறு யாராவது ஸ்ரியரிங் டாம்பரை மாற்றச் சொல்லுவார்கள். மாற்றினால் நடுக்கம் ஒரு மாதம் ஒளித்திருக்கும், பிறகு திரும்பி வரும்.

அடுத்தது சூடு. இதில் தள்ளிப்போட இடமில்லை. 3எல் என்ஜினின் மேல்மூடியான சிலிண்டர் ஹெட்டில் ஒரு தரம் வடிவாகச் சூடேறினால் வெடிப்பு விழும், விழுந்தால் உங்கள் ஏழு லட்சத்தின் பெரும்பங்கை அதுவே விழுங்கும். எங்கள் பக்கம் இதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் கிணறாகட்டும் வன்னிக் கிணறாகட்டும், தண்ணி கடினம். உங்கள் வீட்டுக் கேத்திலுக்குள் படியும் வெள்ளைப் பூச்சைப் பார்த்திருப்பீர்கள். முப்பது வருடம் கிணற்றுத் தண்ணி ஊற்றிய ரேடியேற்றரின் குழாய்களுக்குள்ளும் அதேதான், அங்கே சுரண்ட முடியாது என்பதுதான் வித்தியாசம். நன்றாக ஓடிச் சூடான பிறகு என்ஜினை நிறுத்தி, ஃபானில் கை படாமல், ரேடியேற்றரின் முகத்தை மேலிருந்து கீழாகத் தடவிப் பாருங்கள். சில இடம் சூடாகவும் சில இடம் குளிராகவும் இருந்தால் அந்தக் குளிர்ந்த இடங்களில் தண்ணி ஓடவில்லை. கழற்றித் திறந்து கம்பி விட்டுத் துப்புரவாக்கலாம், உள்ளுடம்பு உக்கியிருந்தால் புது உள்ளுடம்பு போட வேண்டும். பிறகு கூலன்ட். கையில் இல்லாத நாளில் வடித்த தண்ணி, கிணற்றுத் தண்ணி வேண்டாம்.

காலையில் குளிர்ந்திருக்கும்போது ரேடியேற்றர் மூடியைத் திறந்து வைத்து ஸ்ராட் பண்ணிப் பாருங்கள். தண்ணியில் விடாமல் குமிழி வந்தால், அல்லது மூடியைப் பூட்டி ஓடவிட்டு இரண்டு நிமிடத்துக்குள் மேல் ஹோஸ் கல்லாக இறுகினால், சிலிண்டரின் அமுக்கம் தண்ணிக்குள் வருகிறது. அது ஹெட்டுக்கு அடியில் இருக்கும் கஸ்கற் போனதா ஹெட் வெடிப்பா என்று வெளியில் நின்று சொல்ல முடியாது, கழற்றி லேத் வேலை செய்யும் இடத்தில் அமுக்கம் கொடுத்துத்தான் பார்க்க வேண்டும். வால்வுகளுக்கு நடுவில் மயிர்போல ஒரு கோடு தெரிந்தால் அதோடு ஓட்டலாமா என்று கேட்பீர்கள். இதில் எங்களுக்குள்ளேயே இரண்டு கட்சி. தண்ணி கசியாவிட்டால் ஓடலாம் என்கிறவர்களின் வாகனங்கள் வருடக் கணக்கில் ஓடியதைக் கண்டிருக்கிறேன், ஓடாததையும் கண்டிருக்கிறேன். நான் பூட்டிக் கொடுத்தாலும் உத்தரவாதம் எழுதிக் கொடுப்பதில்லை. பழைய ஹெட் வாங்குவதில் கவனம். ஒருமுறை ஒரு கடையில் 'றீகண்டிஷன்' என்று வாங்கி வந்ததைச் சோடா போட்டுக் கழுவினால், அலுமினியப் பெயின்றுக்கு அடியில் வெல்டிங் வரி தெரிந்தது.

கராஜில் யாராவது தெர்மோஸ்ராட்டைக் கழற்றி எறிந்துவிட்டால் சூடு குறையும் என்பார்கள். கீழ்நுனியில் தட்டு உள்ள வகை என்றால், அந்தத் தட்டுத்தான் சூடேறியதும் சுற்றுவழியை அடைத்துத் தண்ணி முழுவதையும் ரேடியேற்றருக்கு அனுப்புகிறது. அதைக் கழற்றினால் சுற்றுவழி திறந்தே கிடக்கும், ஒரு பங்கு சுடுதண்ணி ரேடியேற்றரைக் காணாமலே என்ஜினுக்குத் திரும்பும். முள் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருக்கலாம் என்றும் இருக்காதீர்கள். தண்ணி இறங்கிப்போய் உணரி காற்றில் நின்றால் முள் இறங்கியும் காட்டும், அப்போது உள்ளே ஹெட் வெந்துகொண்டிருக்கும்.

முன்பக்கம் திறந்திருக்கும்போதே ரைமிங் பெல்றையும் மாற்றிவிடுங்கள். 100,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்ற வேண்டியது அது. இந்த வயதில் மீற்றர் சொல்வதை நம்ப ஒன்றுமில்லை, முந்தினவர் மாற்றினேன் என்றால் பில் இருக்கிறதா என்று கேளுங்கள். பெல்ற் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதும், அதோடு என்ஜின் கதை முடியும். ஒல்ரநேற்றரின் பின்னால் பிரேக் பூஸ்டருக்குக் காற்று உறிஞ்சும் பம்ப் இருக்கிறது, அது தேய்ந்தால் பிரேக் கட்டையாகும். அதையும் அதே நாளில் பாருங்கள். டீசல் பம்பைப் பற்றி நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை, நானும் நீட்டவில்லை. 2022 தட்டுப்பாட்டுக் காலத்தில் மண்ணெண்ணெய் கலந்து ஓடியிருக்குமா என்று மட்டும் விற்றவரிடம் விசாரியுங்கள். யுத்தகாலப் பொருளாதாரத் தடை நாட்களில் யாழ்ப்பாணத்தில் பழைய ஒஸ்ரின் ஏ40 கார்கள் மண்ணெண்ணெயில் ஓடியதை எங்கள் வயதுக்காரர் மறக்கமாட்டார்கள். அந்தத் துணிவில் டீசலுக்கும் கலந்தவர்கள் உண்டு. பெற்றோல் காருக்குப் புகையோடு போனது. இந்தப் பம்புக்கோ டீசல்தான் எண்ணெய்ப் பசை, மண்ணெண்ணெய் கூடினால் உள்ளே உராய்ந்து தேயும்.

செஸியை, அதாவது வாகனத்தின் அடிச்சட்டத்தை, ஒரு சிறிய சுத்தியலால் முழு நீளத்துக்கும் தட்டிக்கொண்டு போங்கள், முக்கியமாகப் பின் அச்சுக்கு மேல் வளையும் இடத்தில். 'ணங்' என்றால் நல்லது. 'பொத்' என்றால் உள்ளே உக்கல். கடற்கரைப் பக்கம் ஓடிய வாகனம் வெளியில் வழுவழுப்பாகவும் உள்ளே பிஸ்கற்றாகவும் இருக்கும். ஒட்டுத்தகடு வைத்தால் நேராக வெட்டிய தகட்டை நிமிர்த்தி வைத்து ஒட்ட விடாதீர்கள், அந்த நேர்கோட்டிலேயே செஸி முறியும். நுனி சரிவாக, சாய்சதுரமாக வெட்டிய தகடு வேண்டும். வலப்பக்க முன் செஸியில் பொறித்த இலக்கத்தின் மேல் கிறைண்டர் படவே கூடாது. அது வாசிக்க முடியாமல் போனால் விற்கும்போதும் பதியும்போதும் அலைச்சல்.

இவ்வளவுக்கும் பிறகு காசு மிஞ்சினால் உயர்த்தும் கதைக்கு வரலாம். 4 அங்குலம் வேண்டாம் என்பது என் திடமான கருத்து. காரணம் ஸ்ரியரிங் அமைப்பு. இந்த மொடலில் ஸ்ரியரிங் பெட்டியில் இருந்து வரும் கம்பி குறுக்கே ஓடுவதில்லை, முன்னும் பின்னுமாக வலது நக்கிளைத் தள்ளி இழுக்கிறது. பள்ளத்தில் அச்சு ஏறி இறங்கும்போது ஸ்பிரிங் அச்சைக் கொண்டுபோகும் பாதை ஒன்று, கம்பி இழுக்கும் பாதை வேறொன்று. உயர்த்தும் அளவுக்கு அந்தக் கம்பி செங்குத்தாகும், வித்தியாசம் கூடும், நீங்கள் ஸ்ரியரிங்கை அசைக்காமலே வாகனம் தானாகத் திரும்பும். நான் இளந்தாரியாக இருந்தபோது, காசு மிச்சம் என்று ஒருவருக்கு நீண்ட ஷக்கிள் வெட்டி வெல்டிங் செய்து பூட்டிக் கொடுத்தேன். ஷக்கிள் என்பது ஸ்பிரிங்கைச் செஸியோடு தொடுக்கும் இரும்பு, ஸ்பிரிங்கின் முன்நுனியில் இருக்கிறது, அதை நீட்டினால் ஸ்பிரிங்கின் மூக்கு கீழே போய் அச்சு முன்னுக்கு உருளும், சில்லு தானாக நேரே வரும் குணம் குறையும். அப்போது எனக்கு இது தெரியாது. நெடுங்கேணி கிறவல் றோட்டில் ஒரு மதகடியில் வாகனம் தன் பாட்டில் இடப்பக்கம் இழுத்து வயலுக்குள் இறங்கியது. உழுது தண்ணி கட்டிய வயல், ஆளுக்கு ஒன்றுமில்லை. வாகனத்தை எடுக்க ட்ரக்டர் வந்தது, என் கூலி முழுவதும் ட்ரக்டருக்குப் போனது.

2 அங்குலம், அதுவும் புதுப் பிளேட் ஸ்பிரிங் செற்றால் உயர்த்தினால் போதும். பழைய பிளேட்டுகள் முப்பது வருடத்தில் எப்படியும் தட்டையாகியிருக்கும், புதியது போட்டாலே பாதி உயரம் வந்துவிடும். முன் அச்சுக்கு மேல் இரும்புக்கட்டை வைத்து உயர்த்த யாரையும் விடாதீர்கள். உயர்த்தினால் மூன்றைப் பாருங்கள்: பிரேக் ஹோஸ் அச்சு தொங்கும்போது இழுபடுகிறதா, ஷாப்டின் மூட்டுகள் கோணத்தில் உரசுகின்றனவா, பின் அச்சோடு ஒரு நீளக் கம்பியால் தொடுத்திருக்கும் பிரேக் வால்வ் சரிசெய்யப்பட்டதா. இந்தக் கடைசியை யாரும் நினைப்பதில்லை. அந்த வால்வ் பின்பக்கம் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பதை வைத்துத்தான் பாரத்தை அறிகிறது. வாகனத்தை உயர்த்தினால் அது எப்போதும் வெறுமையாக இருப்பதாக நினைத்துப் பின் பிரேக்கைக் குறைத்துவிடும், நீங்கள் இருபது மூட்டை நெல்லோடு இறக்கத்தில் நிற்பீர்கள்.

ரயர். 33 அங்குலத்துக்கு இந்த என்ஜினில் வலுவும் இல்லை, முன் பேர்பீல்டில் தெம்பும் இல்லை. முழு ஸ்ரியரிங் திருப்பி, போர்வீலில் பின்னுக்கு எடுக்கும்போதுதான் அது பெரும்பாலும் முறியும், வயலில் நீங்கள் செய்யப்போவதும் அதையேதான். அகலமான ரயர் மணலில் மிதக்கும், சரி. எங்கள் வயல் சேற்றில் அடியில் கெட்டித் தரை இருக்கிறது, அதைத் தேடிப் போய்ப் பிடிக்க ஒடுக்கமான உயரமான ரயர்தான் நல்லது. என் தெரிவு 7.50ஆர்16. சிறிய லொறிகளுக்குப் போடுவது, எந்த ஊரிலும் கிடைக்கும், ஒட்டுப்போடவும் ஆள் உண்டு. பழைய 205ஆர்16 ஏறக்குறைய 74 சென்ரிமீற்றர் உயரம், இது ஏறக்குறைய 80. மீற்றர் அறுபது காட்டும்போது உண்மையில் அறுபத்தைந்தில் போவீர்கள், பொலிஸ்காரருக்கு அந்தக் கணக்கு விளங்காது. பெரிய ரயருக்கு என்ஜின் கொஞ்சம் திணறும், அதுவும் உண்மை. றோட்டு ஓட்டம்தான் கூட என்றால் பழைய அளவிலேயே நிற்கலாம்.

டர்போவுக்கு என் பதில் இப்போது இல்லை. குறைந்த அமுக்கத்தில், புகைபோக்கிச் சூடு காட்டும் மீற்றரும் போட்டு, கவனமாக ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதை மறுக்கவில்லை. ஆனால் இதே குடும்பத்து 2எல்-ரி, கொம்பனியே டர்போ போட்டு விட்டது, ஹெட் வெடிப்பதில் பெயரெடுத்தது. ஏற்கெனவே சூடேறும் ஒரு என்ஜினுக்கு அதைப் பூட்ட என் கை வராது. வலு போதவில்லை என்றால் 5எல் இருக்கிறது, 2986 சிசி, அதே குடும்பம் என்பதால் அதிகம் வெட்டாமல் உட்காரும். 1கேஇஸட் டர்போவோடு வரும், ஓட்டம் இன்னும் நல்லது, ஆனால் மின்வயர் வேலைக்குக் கைதேர்ந்தவர் வேண்டும். எதைப் போட்டாலும் என்ஜின் மாற்றத்தை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவில் ஏற்றுங்கள். புத்தகத்தில் ஒரு இலக்கமும் என்ஜினில் வேறு இலக்கமுமாக இருந்தால் நாளைக்கு விற்கவும் முடியாது, விபத்து என்றால் இன்சூரன்ஸும் கதைக்காது.

இவற்றையெல்லாம்விட உங்களுக்குப் பயன்படும் ஒரு மலிவு மாற்றம் இருக்கிறது. மாரி தொடங்கி முத்தையன்கட்டுக் குளமோ இரணைமடுக் குளமோ வான்பாயும் நாட்களில் நீங்கள் தண்ணி கடந்து போவீர்கள். ஓடிச் சூடான டிபரென்ஷல் குளிர்ந்த தண்ணிக்குள் இறங்கினால் உள்ளே காற்றுச் சுருங்கி, மூச்சுமூடியாலும் சீலாலும் தண்ணியை உறிஞ்சும். முன், பின் இரண்டு மூச்சுமூடியையும் கழற்றி ரப்பர்க் குழாய் பூட்டி, என்ஜின் அறைக்குள் உயரத்தில் கட்டிவிடுங்கள். மாரி முடிந்ததும் அடி நட்டைத் தளர்த்தி ஒரு கரண்டி ஒயில் எடுத்துப் பாருங்கள், பால் தேத்தண்ணி நிறம் என்றால் அன்றைக்கே மாற்றுங்கள். ஊற்றுவது 80டபிள்யூ-90, ஜிஎல்-5 வகைக் கியர் ஒயில். முன் ஹப்பில் இருக்கும் 'லொக்' 'ஃபிறீ' திருகை மாதம் ஒருமுறையாவது திருப்பி, கிறவலில் கொஞ்சத் தூரம் போர்வீலில் ஓட்டுங்கள். தார் றோட்டில் போர்வீல் போட வேண்டாம், திரும்பும்போது முன் அச்சும் பின் அச்சும் மல்லுக்கட்டி முறுக்கேறும்.

ஆக ஏழு லட்சத்தையும் நான் வைப்பதாக இருந்தால் முதலில் நக்கிள் இரண்டு பக்கமும், அதோடு ரேடியேற்றரும் பெல்றும், பிறகு செஸியில் தட்டிக் கண்டது. ஸ்பிரிங்கும் ரயரும் அடுத்த போக அறுவடைக்குப் பிறகு. இந்த ஞாயிற்றுக்கிழமை சில்லை உயர்த்திப் பிரேக் மிதித்துப் பாருங்கள், சதுர அடைப்பைக் கழற்றிக் கம்பி விட்டுப் பாருங்கள். கம்பியில் வந்தது கட்டியா கஞ்சியா, ஆட்டம் நின்றதா நிற்கவில்லையா என்று இதற்குக் கீழே எழுதுங்கள். ஹெட்டைக் கழற்ற வேண்டி வந்தால், பூட்ட முதல் வால்வுகளுக்கு நடுவில் கிட்டப்பிடித்து ஒரு படமும் எடுத்துப் போடுங்கள்.